பழைய கணினியில் கிடக்கும் கைவேலை

(வேலணையில் தீவகத்துப் படப்பிடிப்பாளர்கள், ஸ்ரூடியோ நடத்துநர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் கடல் கடந்து வந்து, படகு நேரம் பார்த்து எழும்ப வேண்டியவர்கள் இருப்பதால் முகவுரை இல்லாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. நம் ஸ்ரூடியோக்களில் உழைத்துக்கொண்டிருக்கும் கணினிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஏறாது. அதற்கு ரீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி வேண்டும். ஆகவே இன்றில்லாவிட்டாலும் நாளை நீங்கள் புதுக் கணினி வாங்கத்தான் போகிறீர்கள். அதோடு புதுப் போட்டோஷொப் வரும், அல்லது கிம்ப் வரும். “எல்லாம் போட்டுத் தந்திருக்கிறன் அண்ணை” என்று கடைக்காரத் தம்பி சொல்லுவார். அவர் போட்டது மென்பொருளை மட்டும். பத்துப் பதினைந்து வருடமாக நீங்கள் அதற்குள் செய்து வைத்த வேலை பழைய கணினியிலேயே கிடக்கும்.

நான் இன்று சொல்ல வந்தது அந்த வேலையைப் பற்றித்தான். மென்பொருளைத் திரும்ப வாங்கலாம். நீங்கள் பதிந்து வைத்த ஆக்‌ஷன்களையும், உங்கள் கண் பழகிச் செய்த வளைவுகளையும், பிளக்-இன்னில் நீங்கள் அமைத்த அளவுகளையும், அச்சகத்துக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்திய நிற அமைப்பையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவை உங்கள் தொழில். அவை கணினியில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கேட்டால் நம்மில் பலருக்குக் காட்டத் தெரியாது என்பதே எனக்குள்ள கவலை.

தீவகத்தில் இந்தக் கவலை ஏன் கூடுதலாக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரால் இங்கிருந்து மக்கள் கிளம்பியபோது எடுத்துப்போனவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் படங்கள் இருந்தன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மறுபடி கிளம்பினார்கள். அந்த வழியெல்லாம் பைக்குள் மடிந்து, மழையில் நனைந்து, பின்னர் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிப்போன படங்கள்தான் இன்று உங்கள் மேசைக்கு வருகின்றன. புங்குடுதீவுக்காரரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் கேட்கிறார்கள்: “அப்பாவின்ரை படம் இது ஒண்டுதான் இருக்கு, வடிவாய்ச் செய்து தாங்கோ.” நெடுந்தீவில் ஆண்டுதோறும் மே 15ஆம் திகதி, 1985இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை நினைவுகூருகிறார்கள். அப்படி இழந்த வீடுகளில் ஒருவரின் முகத்துக்கு ஒரே ஒரு பழைய படம்தான் ஆதாரமாக இருக்கலாம். அந்தப் படத்தில் கை வைப்பவர் தன் செய்முறையைத் தொலைத்துவிடக் கூடாது.

அந்தச் செய்முறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அச்சிட்ட வண்ணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தாலும் அதிலுள்ள மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அந்தக் காலத்துத் தாள்களில் பெரும்பாலும் முதலில் போவது சியான் என்ற பச்சை நீலச் சாயம். அது போனதும் படம் முழுவதும் செம்மை ஏறிவிடும். வெள்ளைச் சேலை இளஞ்சிவப்பாகும், பின்னால் உள்ள பனை மண்ணிறமாகும். நீங்கள் அதை ஸ்கான் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு அலைவரிசையாகத் திறந்து, கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் தனித்தனியே இழுக்கிறீர்கள். அதன் பிறகு சிவப்பு வளைவின் நடுவைக் கீழே இறக்குகிறீர்கள். ஒரு பிளக்-இன் இரைச்சலைக் குறைக்கிறது. பூஞ்சைப் புள்ளிகளுக்கு நீங்களே உண்டாக்கிய தூரிகை ஒன்று இருக்கிறது. கடைசியில் முகத்தை மட்டும் மறைப்புப் போட்டுத் தனியாகத் தொடுகிறீர்கள். நூறு படம் செய்தபின் முதல் பாதி வேலையை ஓர் ஆக்‌ஷனாகப் பதிந்து ஒரு விசையில் வைத்துவிட்டீர்கள். அந்த விசைக்குப் பின்னால் நூறு படங்களில் பழகிய கண் இருக்கிறது.

அந்த ஆக்‌ஷன் எங்கே இருக்கிறது? போட்டோஷொப்பில் எல்லா ஆக்‌ஷன்களும் சேர்ந்து ஒரே கோப்பாக உங்கள் பயனர் கணக்கின் கீழே, ஆப்டேட்டா என்ற மறைக்கப்பட்ட கோப்புறைக்குள், ரோமிங், அடோபி என்று இறங்கி, அந்தப் பதிப்பின் பெயர் உள்ள செற்றிங்ஸ் கோப்புறையில் இருக்கின்றன. மறைந்த கோப்புறை ஆதலால் சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாது. ‘டி டிரைவை முழுசாய்க் கொப்பி பண்ணிட்டன்’ என்று நிம்மதியாக இருப்பவரின் ஆக்‌ஷன்கள் சி டிரைவோடு அழிந்துபோவது இப்படித்தான்.

இன்னொன்றையும் நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நீங்கள் பதிந்த ஆக்‌ஷனையும் மாற்றிய விருப்பத் தெரிவுகளையும் போட்டோஷொப் உடனே தட்டில் எழுதுவதில்லை. ஒழுங்காக மூடும்போதுதான் எழுதும். வேலை நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போனால், அன்று பதிந்தது அன்றே போய்விடும். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையில் இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்த தீவுகள். சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவோடு 2022 மார்ச்சில்தான் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆகவே ஓர் ஆக்‌ஷனைப் பதிந்து முடித்தால் மென்பொருளை ஒருமுறை மூடித் திறவுங்கள். அதன்பின் அதைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். அதற்கு ஆக்‌ஷனின் மேல் அல்ல, அது இருக்கும் தொகுப்பின் மேல் சொடுக்க வேண்டும். தனி ஆக்‌ஷனைத் தெரிவுசெய்தால் சேமிக்கும் கட்டளை மங்கிக் கிடக்கும். பலர் ‘இது வேலை செய்யாது’ என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். தூரிகை, வளைவு, வடிவம், குறுக்கு விசைகள் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனிக் கோப்பு உண்டு. எல்லாவற்றையும் உங்கள் ஸ்ரூடியோ பெயரிட்ட ஒரே கோப்புறையில் போட்டு, ஒரு பிரதியைப் பென்ரைவில் வீட்டிலும், இன்னொன்றை யாழ்ப்பாணத்தில் உள்ள உறவினரிடமும் வையுங்கள். உப்புக் காற்றில் ஹாட் டிஸ்க்கை ஒரே இடத்தில் மட்டும் நம்பக் கூடாது.

இனிப் புதுப்பிக்கும் நாளுக்கு வருவோம். சந்தா முறைப் போட்டோஷொப்பில் புதிய பெரும் பதிப்பை நிறுவும்போது இரண்டு கட்டங்கள் காட்டும். ஒன்று, பழைய அமைப்புகளைக் கொண்டுவரவா என்று கேட்கும். மற்றது, பழைய பதிப்பை நீக்கவா என்று கேட்கும். பெரும்பாலும் இரண்டிலும் முன்பே குறி இட்டிருக்கும். முதலாவதில் உள்ள குறியை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். புதியது சரியாக ஓடுகிறது என்று பார்க்கும்வரை பழையது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு பதிப்புகளும் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்யாமல் இருக்கும்.

ஆனால் முதலாவது கட்டம் உங்கள் பிளக்-இன்களைக் கொண்டுவராது. அதை எதிர்பார்த்துத்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பிளக்-இன் ஒவ்வொன்றையும் அதன் நிறுவியைக் கொண்டு புதிதாக நிறுவ வேண்டும். பழைய பிளக்-இன் கோப்பை எடுத்துப் புதிய கோப்புறையில் ஒட்டினால் சில வேளை ஓடும், பல வேளை ஓடாது. உரிமமும் துணைக் கோப்புகளும் வேறிடத்தில் இருப்பதே காரணம். புரோகிராம் பைல்ஸின் கீழே கொமன் பைல்ஸ், அடோபி என்று போனால் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான பிளக்-இன் கோப்புறை ஒன்று உண்டு. நிறுவும்போது இடம் கேட்டால் அதைக் காட்டுங்கள். அடுத்த தரம் பாதி வேலை மிச்சம்.

மிகப் பழைய பிளக்-இன்களுக்கு வேறொரு முடிச்சு. 2008இல் வந்த சிஎஸ்4தான் வின்டோஸில் முதல் 64 பிட் போட்டோஷொப். அதன்பின் பல வருடம் 32, 64 இரண்டும் சேர்ந்தே வந்தன. 2018 ஒக்டோபரில் வந்த பதிப்போடு வின்டோஸில் 32 பிட் நின்றுபோனது. 32 பிட்டுக்கு எழுதிய பிளக்-இன்னை 64 பிட் போட்டோஷொப் பட்டியலில்கூடக் காட்டாது. ஆக்‌ஷனை ஓட்டுவீர்கள், பாதியில் நின்று, இந்தக் கட்டளை இப்போது கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வரும். ஆக்‌ஷன் கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். அதற்குள் உள்ள ஒரு படி, இல்லாத பிளக்-இன்னைக் கூப்பிடுகிறது. அந்தப் படியை மட்டும் நிறுத்தி, அதே வேலையைச் செய்யும் வேறொன்றைப் பதிந்தால் மீதி அப்படியே ஓடும்.

ஸ்மார்ட் பில்டராகப் பிளக்-இன்னைப் பாவித்திருந்தால் ஆபத்து பழைய கோப்புகளுக்கும் வரும். பிளக்-இன் இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் படம் தெரியும். அளவை மாற்றவோ திருத்தவோ முடியாது. ஆகவே பழைய பதிப்பு உயிரோடிருக்கும்போதே முக்கியமான கோப்புகளைத் திறந்து, அந்தப் படலத்தின் பிரதி ஒன்றைச் சாதாரணப் படலமாக மாற்றிச் சேமியுங்கள். ஸ்கான் செய்த முதல் பிரதியை, எதுவும் தொடாத நிலையில், ரிப் கோப்பாகத் தனியே வைத்திருங்கள். மற்றதெல்லாம் போனாலும் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

நிற அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் பிழை உடனே தெரியாது. அல்பம் அச்சாகி வந்தபிறகுதான் தெரியும். புதிய நிறுவலில் நிற அமைப்பு இயல்புநிலைக்குப் போயிருக்கும். நீங்கள் அச்சகத்தோடு பேசித் தீர்மானித்த வேலை வெளி, அச்சகம் தந்த ஐ.சி.சி. புரொபைல், திரைக்குச் செய்த அளவீடு எதுவும் அங்கே இராது. கலியாண வீட்டு அல்பத்தில் மணப்பெண்ணின் முகம் மஞ்சளடித்து வந்தால் தாய்தகப்பனுக்கு நாம் என்ன சொல்வது? புரொபைல் கோப்புகள் வின்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்ற வழியில் இருக்கும். அவற்றைப் பிரதி எடுங்கள். புதுக் கணினியில் பெரிய ஓடர் எதற்கும் முன், பழைய அல்பத்தின் ஒரே பக்கத்தை இரண்டு கணினியிலிருந்தும் அனுப்பி அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடோபியின் கமரா ரோவும் லைட்ரூமும் இந்த விஷயத்தில் ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்பதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். 2012இல் அவற்றின் படம் செய்யும் கணக்கை அடியோடு மாற்றியபோதும், 2010 முறையில் செய்த படத்தை அதே முறையில் திறக்கும் வழியை விட்டுவைத்தார்கள். நீங்களாக ‘புதிய முறைக்கு மாற்று’ என்று சொன்னால்தான் மாறும். நிறுவனங்கள் எல்லாம் இப்படி நடந்தால் நான் இந்தப் பேச்சைப் பேச வேண்டிய தேவையே வந்திராது.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். அந்தியேட்டிக் கல்வெட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் சாமத்திய வீட்டு அழைப்பும் நம் ஸ்ரூடியோக்களில்தான் உருவாகின்றன. அவற்றில் பெரும்பகுதி பாமினியில் கிடக்கிறது. பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் கோப்பைத் திறந்து, ‘வேறு எழுத்துரு போடவா’ என்று கேட்கும்போது சரி என்று அழுத்தினால், ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஒரு குடும்பம் மூன்று தலைமுறைப் பெயர்களையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் தந்த வம்சவரிசை அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே புதுக் கணினியில் போட்டோஷொப்பைத் திறக்குமுன் எழுத்துருக்களைப் போடுங்கள். வின்டோஸின் பொன்ற்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியும் அதன் வகைகளும் நீங்கள் பாவித்த மற்ற அலங்கார எழுத்துகளும் முதலில் வர வேண்டும்.

யூனிகோடில் எழுதுபவர்களுக்குப் பிரச்சினை வேறு. பழைய பதிப்புகளில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம்மாறி நிற்கும். அதைத் தவிர்க்க விருப்பத் தெரிவுகளில் எழுத்து இயந்திரத்தை மத்திய கிழக்கு, தெற்காசிய முறைக்கு மாற்றி வைத்திருப்பீர்கள். அது ஓர் அமைப்பு. விருப்பத் தெரிவுகள் அழிந்தால் அதுவும் அழியும். 2021 ஒக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து எல்லா மொழிக்கும் ஒரே எழுத்து இயந்திரமாக்கிவிட்டார்கள். நல்லது. ஆனாலும் பழைய கோப்பின் எழுத்துப் படலத்தைப் புதியதில் தொட்டால் வரி உடைவது மாறலாம். பழைய அச்சுப் பிரதியை வைத்து ஒரு தரம் வாசித்துப் பாருங்கள்.

கை பழக்கங்களும் மாறியிருக்கும். 2018 ஒக்டோபர்ப் பதிப்பில் கொன்ட்ரோல், இசட் பலமுறை பின்செல்லத் தொடங்கியது. ஷிப்ற் விசையை அழுத்தாமலே படம் விகிதம் மாறாமல் பெரிதாகத் தொடங்கியது. இரண்டையும் பழைய முறைக்குத் திருப்பத் தெரிவு உண்டு. ஒரு வாரத்தில் கை பழகிவிடும் என்பதால் இதில் நான் நேரம் செலவிடவில்லை.

பிளக்-இன் யாருடையது என்ற கேள்வியில் நேரம் செலவிடத்தான் வேண்டும். நிக் கலெக்‌ஷன் என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைக்கும் நிறத்துக்கும் உலகம் முழுவதும் மதித்த தொகுப்பு. நிக் நிறுவனத்தைக் கூகுள் 2012இல் வாங்கியது. 2016 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாக விட்டது. பின்னர் அதை மேற்கொண்டு வளர்க்கவில்லை. 2017 ஒக்டோபரில் பிரான்சின் டிஎக்ஸ்ஓ நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டிலிருந்து விலைக்கு விற்கத் தொடங்கியது. இலவச நாளில் எடுத்தவர்கள் பலர் நிறுவியைச் சேமிக்கவில்லை. நிறுவியும் உரிம எண்ணும் வாங்கிய மின்னஞ்சல் முகவரியும் மூன்றும் உங்கள் கையில் இருந்தால்தான் பிளக்-இன் உங்களுடையது. விலைக்கு வாங்கிய பிளக்-இன் என்றால் பழைய கணினியை அழிக்குமுன் அதில் உரிமத்தை விடுவியுங்கள். இரண்டு கணினிக்குத்தான் அனுமதி என்றிருந்தால் இறந்த கணினி ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். போட்டோஷொப்பின் கதையும் இதுதான். சிஎஸ்2 பதிப்பை இயங்கச் செய்யும் சேவையகத்தை 2012 இறுதியில் அடோபி நிறுத்தியது. 2013இலிருந்து புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மாறின.

உடைத்த மென்பொருளைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். 2022இல் ரூபாய் சரிந்தபோது டொலர்ச் சந்தா கட்ட முடியாமல் தவித்தவர்களின் நிலை எனக்குத் தெரியும். ஆனால் உடைத்த பிளக்-இன்னைப் போடும்போது ஆன்ரி வைரஸை நிறுத்தச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த நேரத்தில் உங்கள் கணினிக்குள் என்ன நுழைகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஓர் ஊரின் முகங்கள் எல்லாம் சேமித்திருக்கும் கணினி அது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் ஒன்று வந்தால், வேறிடத்தில் பிரதி இல்லாதவருக்குப் பெரும்பாலும் திருப்பி எடுக்க வழியில்லை.

காசு இல்லாதவர்களுக்கு கிம்ப் உண்டு. 1996இலிருந்து பலர் சேர்ந்து எழுதிவரும் இலவச மென்பொருள். போட்டோஷொப் தூரிகைக் கோப்புகளை அதுவும் வாசிக்கும். இங்கேயும் இடமாற்றச் சிக்கல் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தபோது, 2.10க்காகப் பழைய பைதன் மொழியில் எழுதிய பிளக்-இன்கள் ஓடாமற் போயின. அவற்றைத் திருத்தி எழுத வேண்டும். ஒரு வேறுபாடு இருக்கிறது. பழைய 2.10ஐ யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது, நிறுவியைப் பென்ரைவில் வைத்துக்கொள்ளலாம், எந்தச் சேவையகத்தையும் கேட்காமல் நெடுந்தீவில் இணையம் இல்லாத நாளிலும் நிறுவலாம். திருத்தி எழுதுவதற்கும் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. நம் பல்கலைக்கழகப் பிள்ளைகளால் செய்யக்கூடிய வேலை அது. ஆகவே அவர்களைக் கேளுங்கள்.

எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூட வரக்கூடியது ஒன்று உண்டு: கொப்பி. சாதாரண நாற்பது பக்கக் கொப்பி போதும். சிவப்பு வளைவில் எந்த எண் எந்த எண்ணுக்குப் போகிறது, இரைச்சல் குறைப்பான் எத்தனையில் நிற்கிறது, தூரிகையின் கடினம் எவ்வளவு, ஸ்கானர் எந்தத் தெளிவில் எடுக்கிறது என்பதை எழுதுங்கள். போட்டோஷொப்பின் ஆக்‌ஷன் கோப்பை கிம்ப் ஓட்டாது. எண்ணை நீங்கள் கையால் அமைக்கலாம். ஸ்ரூடியோவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கும் அதுவே பாடமாகும்.

எப்போது மாற்றுவது? நயினை நாகபூஷணி அம்மனின் ஆனித் தேருக்கு முதல் வாரம் மாற்றாதீர்கள். கலியாண மாதங்களிலும் வேண்டாம். மார்கழி போல வேலை குறைந்த காலத்தைப் பாருங்கள். ஏற்கெனவே செய்து கொடுத்த மூன்று வேலைகளைப் புதியதில் மறுபடி செய்து பாருங்கள்: ஒரு பழைய படத் திருத்தம், ஓர் அல்பப் பக்கம், ஒரு கல்வெட்டு அட்டை. மூன்றும் முன்போல வந்தால் மாறலாம்.

பழைய கணினியை விற்றுவிடாதீர்கள். இணையக் கம்பியைக் கழற்றிவிட்டால் வின்டோஸ் 10 இன்னும் பல வருடம் ஓடும். பழைய ஸ்கானரின் மென்பொருள் புதியதில் ஏறாவிட்டால் ஸ்கான் செய்ய அதுவே உதவும். 32 பிட் பிளக்-இன்னும் அதில்தான் உயிரோடிருக்கும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். படகுக்கு இன்னும் நேரமிருக்கிறது. மறைந்திருக்கும் அந்தச் செற்றிங்ஸ் கோப்புறையை ஒவ்வொருவரும் திறந்து, முதல் பிரதியை இங்கேயே எடுத்துக்கொண்டு போகலாம்.